சமன் போடுவமா?

தனோஜன் கிராண்ட்மாஸ்டர் ஆன செய்தியைக் கேட்டதும் அவனுடைய அம்மா சின்னத்தங்கம் கேட்ட முதல் கேள்வி, "அப்ப ஆருடா தோத்தது?" என்பதுதான். ஒருவரும் தோற்கவில்லை, கடைசி ஆட்டம் சமநிலை, அந்த அரைப் புள்ளியோடு பட்டம் கைக்கு வந்துவிட்டது என்று அவன் ஹங்கேரியிலிருந்து தொலைபேசியில் விளங்கப்படுத்தினான். அம்மா "சரி மனே, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொல்லப்போனால் அவனுடைய முழுச் சதுரங்க வாழ்க்கையும் அப்படித்தான். சென்னை, துபாய், புடாபெஸ்ட் என்று போன இடமெல்லாம் ஆட்டம் சூடாகத் தொடங்கும்போதே எதிராளியின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டிவிடுவான். "சமன் போடுவமா?" என்பதை ஐந்தாறு பாஷையில் கேட்க அவனுக்குத் தெரியும். வெல்ல முடியாத ஆள் என்று பத்திரிகைகள் எழுதின. அவனும் ஒருத்தரையும் பெரிதாக வெல்வதில்லை என்பதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை, நல்ல காலம்.

இந்தக் குணம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால் அவன் பிறந்த வீட்டைத்தான் காட்ட வேண்டும். குருக்கள்மடம் தாண்டி வாவிப் பக்கம் இறங்கினால் வருகிற அந்த ஊர், அம்மன் சடங்குக் காலத்தில் நடுவால் பிளந்துவிடும். வடசேரி ஒரு பக்கம், தென்சேரி ஒரு பக்கம். காட்டுக்குப் போய் வளைந்த கம்பு வெட்டி வந்து ஆளுக்கொரு கொம்பு செய்வார்கள். இரண்டையும் ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி, ஒன்று முறியும்வரை ஊரே நின்று இழுக்கும். இதற்குக் கொம்புமுறி என்று பெயர். முறிந்த சேரிக்காரரை வென்ற சேரிக்காரர் தெருத்தெருவாகப் பாடிக் கிண்டலடிப்பார்கள். கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும், கோபிக்கக் கூடாது. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாம் அந்த நாட்களில் செல்லாது. சேரிதான்.

அம்மா தென்சேரி. அப்பா நல்லரத்தினம் வடசேரி. வீடு அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. ஆகவே கொம்பு கட்டின அன்றைக்கே அப்பா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தன்னுடைய அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். அம்மா மனசு கேட்காமல் சோற்றைச் சின்ன வாளி ஒன்றில் போட்டு, "நான் தந்ததெண்டு சொல்லாத" என்று தனோஜனிடம் கொடுத்தனுப்புவாள். அப்பா அதைத் தின்றுவிட்டு, "நான் திண்டதெண்டு சொல்லாத" என்று வெறும் வாளியைத் திருப்பி அனுப்புவார். அவனுக்கு ஏழு வயதாக இருந்த வருடம் தென்சேரிக் கொம்பு முறிந்தது. அப்பா என்ன செய்தார் தெரியுமா? பாட்டுக் கூட்டத்துக்கு முன்னால் நின்று, தன்னுடைய பெண்சாதி வீட்டு வாசல் படலைக்கு நேரேயே பாடினார். என்ன பாடினார் என்பதை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் அந்த வீட்டில் அப்பாவுக்கு நண்டுக்கறி கிடைக்கவில்லை. யாராவது வென்றால் வீடு நாசம் என்பதை தனோஜன் அன்றைக்கே படித்துக்கொண்டான்.

அவன் எந்தச் சேரி என்பதும் தீராத வழக்கு. "ஆம்பிளப் புள்ள அப்பன்ட சேரி" என்பார் அப்பா. "குடி தாய்வழியா வருகுது. சேரி மட்டும் என்ன வானத்தால வருகுதா?" என்பாள் அம்மா, குடி என்று அங்கே சொல்வது குலத்தை. அவனைக் கேட்டால் "ரெண்டும்" என்பான். ஏழு வயதில் அப்படிச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். முப்பதை எட்டிப்பிடிக்கிற வயதிலும் அதையே சொன்னான்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவள் யசோதினி. அதே ஊர்தான், வாவிக்கு அந்தப் பக்கம் மண்டூரில் கணித ஆசிரியை. பள்ளிக்கூடப் போட்டிகளில் சதுரங்கம் ஆடினவள், இப்போதும் நன்றாக ஆடுவாள். நான்கு வருடமாக இரண்டு பேருக்கும் விருப்பம். அவன் எந்த நாட்டில் இருந்தாலும் பின்னேரத்தில் இணையத்தில் ஒரு ஆட்டம் ஆடுவார்கள், ஒவ்வொரு ஆட்டமும் சமநிலையில் முடியும். எல்லாம் நல்லதுதான். ஆனால் அவளுடைய தகப்பன் அருமைநாயகம் வடசேரித் தலைவர். அந்த ஊர் வழக்கப்படி கல்யாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். "நான் பெத்தது வடசேரித் தலைவன்ட வீட்டுல போய் இரிக்கவா?" என்று அம்மா கேட்கப்போவது அவனுக்கு இப்போதே காதில் விழுந்தது. அதனால் நான்கு வருடமாக வாயே திறக்கவில்லை.

பட்டத்தோடு ஊருக்கு வந்த மறுநாள் காலையில், அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற நேரம் பார்த்து, குருமண்வெளித் துறைக்குப் போனான். மண்டூருக்கு ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிப் போகிற மிதவையைப் பாதை என்பார்கள். அதில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றார்கள்.

"சடங்கு முடியிறதுக்குள்ள உங்கட அம்மாட்டச் சொல்லுங்க" என்றாள் அவள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"கொஞ்சம் பொறு யசோ. அம்மாவும் நோகாம, உன்ட அப்பாவும் நோகாம, என்ட அப்பாவும்..."

"நான் நோகலாமா?"

பக்கத்தில் ஒரு ஆட்டுக்குட்டியோடு நின்ற மனிசி, இவன் என்ன சொல்லப்போகிறான் என்று ஆவலோடு பார்த்தாள்.

"மறுகா இன்னொண்டு. நாலு வருசமா ஒரு நாளாவது என்னை உண்மையா விளையாடி வெண்டிருக்கீங்களா? பாவமெண்டு பாவமெண்டு சமன் போட்டுத் தாறீங்க. நான் என்ன பாலர் வகுப்பா? உங்களால ஒரு பக்கம் நிக்க ஏலாது. இப்பிடியே நடுவில நிண்டீங்கெண்டா, நான் என்ட வழியப் பாத்துப் போறன்."

பாதை கரையில் முட்டியது. அவள் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவன் இறங்க மறந்து, அதே பாதையில் ஆட்டுக்குட்டியில்லாமல் திரும்பி வந்தான். எத்தனையோ பெரிய ஆட்டக்காரர்களுக்கு முன்னால் உட்கார்ந்தபோது வராத பயம் அப்போது வந்தது.

அந்த வருடம் ஊருக்கு வேறு கவலை. காட்டில் கம்பு வெட்ட அனுமதி கிடைக்கவில்லை. கம்பில்லாமல் ஏது கொம்பு? வடம் இழுக்கிற கைகள் எல்லாம் அரிப்பெடுத்துத் திரிந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் தனோஜனுக்குப் பாராட்டு விழா. 'உலகை வென்ற எங்கள் மைந்தன்' என்று பதாகை கட்டி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, கடைசியில் அருமைநாயகம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"தம்பி, அந்தக் கடைசிப் போட்டியில எத்தின பேரை வெண்ட நீங்க?"

"ரெண்டு பேரை, மாமா. மத்ததெல்லாம் சமன்."

பதாகை கட்டின பொடியன் பதாகையை நிமிர்ந்து பார்த்தான்.

"சமனெண்டா? கொம்பு ரெண்டும் முறியாம, இழுத்தவனெல்லாம் வீட்ட போறதா?" அருமைநாயகத்துக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "அதுக்கா இந்த மாலை?"

அவமானமாகப் போய்விட்டது. அதைத் துடைக்கத் தனோஜனின் அப்பாவே எழும்பி ஒரு வேலை பார்த்தார். "என்ட மகன் இந்த ஊரோட முழுக்க ஒரே நேரத்துல விளையாடுவான்! ஆரும் வரலாம்!" என்று கத்திவிட்டார். அருமைநாயகம் அந்த வார்த்தையை விடுவாரா? அப்படியே கவ்விப் பிடித்தார்.

"அப்ப சரி. இந்த முறை கம்பில்ல. தம்பியை வைச்சே கொம்பு முறிப்பம்!"

ஊர் எழும்பிக் கைதட்டியது. வடசேரியில் பத்துப் பேர், தென்சேரியில் பத்துப் பேர். இருபது பலகையிலும் தனோஜன் தனியாளாக ஆடுவான். அவனை வென்றால் ஒரு புள்ளி, சமன் என்றால் அரை. அவனிடமிருந்து அதிகப் புள்ளி பிடுங்குகிற சேரி வென்ற சேரி. நடுவர் யார் என்றுதான் இழுபறி. ஊரில் சேரி இல்லாத ஆளே கிடையாது. கடைசியில் காத்தான்குடியிலிருந்து நௌஷாட்டைக் கூப்பிட்டார்கள். அவன் அங்கே புடைவைக் கடை வைத்திருந்தான், முறையாகப் படித்துத் தேறின சதுரங்க நடுவர். பன்னிரண்டு வயதுப் போட்டியில் தனோஜன் வாழ்க்கையில் முதன்முதல் சமன் போட்டது அவனோடுதான், அன்றையிலிருந்து சிநேகிதம்.

"மச்சான், இதுல வெண்டாலும் அடி, தோத்தாலும் அடி" என்றான் நௌஷாட். "நான் வேனை ரோட்டுப் பக்கம் திருப்பித்தான் விட்டிரிக்கன்."

"ஒண்டும் நடக்காது" என்றான் தனோஜன். அவனிடம் திட்டம் தயார். இருபதையும் சமன் பண்ணிவிட்டால் பத்து அரை அங்கே, பத்து அரை இங்கே. கொம்பும் முறியாது, வீடும் நாசமாகாது.

சடங்கு முடிந்த பின்னேரம் கோயில் வெளியில் இருபது மேசை போட்டார்கள். வடசேரி வரிசையில் அப்பாவும் இருந்தார், கடைசி மேசையில் யசோதினியும் இருந்தாள். தென்சேரி வரிசையின் முதல் மேசையில் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு அம்மா! குதிரை எப்படிப் போகும் என்று முதல் நாள்தான் கேட்டுப் படித்திருந்தாள்.

தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே தனோஜனுக்கு வியர்த்துவிட்டது. பெரிய ஆட்டக்காரனோடு சமன் பண்ணுவது சுகம், அவனுக்கும் வீட்டுக்குப் போகிற எண்ணம் இருக்கும். இந்தச் சனத்தோடு எப்படிச் சமன் பண்ணுவது? தென்சேரியில் ஒரு வலைக்காரர் எடுத்த எடுப்பில் ராணியைக் கொண்டுவந்து வெட்டுக்கு வைத்தார். இவன் பார்க்காதவன் மாதிரித் தாண்டிப் போனான். "தம்பி, ராணி இஞ்ச சும்மா நிக்குது, வெட்டுங்க" என்று அவரே கூப்பிட்டுச் சொன்னார். வேறு வழியில்லாமல் வெட்டினான். அடுத்த சுற்றில் தன்னுடைய ராணியைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்தான். அவர் அதைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினார். "இதுல என்னவோ சூது இரிக்கு" என்று பக்கத்து மேசைக்காரருக்குச் சொன்னார். அந்த ராணியை அவர் வெட்டுவதற்குள் இவனுக்கு உயிர் போய் வந்தது.

அப்பா அதைவிட மோசம். மகன் கோட்டையைக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றார். "பெத்த புள்ளைட்ட பறிச்சுத் தின்னிறதா?" என்று வேறு காயை நகர்த்தி வைத்துவிட்டு, தன்னுடைய மந்திரியையும் வெட்டுக்கு விட்டார். அம்மாவோ ராஜாவைத் தவிர மற்றதெல்லாவற்றையும் இழந்துவிட்டாள். அந்த ராஜா மூலையில் போய் நின்றது. இவன் தன்னுடைய ராணியைக் கவனமாக ஒரு கட்டத்தில் வைத்து, அம்மாவுக்கு அசைய இடமில்லாமல் பண்ணினான். செக்கும் இல்லை, போக வழியும் இல்லை. நௌஷாட் வந்து பார்த்து, "சமன்" என்றான்.

"என்னடா சமன்? என்ட ராசா உசிரோடதானே நிக்கிறாரு?" என்றாள் அம்மா.

"அதனாலதான் உம்மா சமன்" என்றான் நௌஷாட்.

"அப்ப தோக்கல்லத்தானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அம்மா வெற்றிலையை எடுத்தாள்.

வெயில் இறங்க இறங்க மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. இருந்த இடமெல்லாம் அரை, அரை, அரை. வெள்ளைக்காரனோடு ஆடினபோதுகூட இவ்வளவு மூளை செலவழிந்ததில்லை. முதுகு விண்விண் என்றது. ஆனாலும் மனசுக்குள் ஒரு பெருமை. தென்சேரிக்குப் பத்து அரை, ஐந்து புள்ளி. வடசேரிக்கு ஒன்பது அரை. மிச்சம் யசோதினியின் மேசை மட்டும்தான். அதுவும் சமனென்றால் எல்லாம் சரி.

இரண்டு சேரியும் அந்த ஒரு மேசையைச் சுற்றி வந்து நின்றன. அவன் அவளுக்கு முன்னால் போய் நின்று, பழக்கப்பட்ட சிரிப்போடு கையை நீட்டினான்.

"சமன் போடுவமா?"

"வேணாம்" என்றாள் யசோதினி.

அவள் காயை நகர்த்தினாள். அவனும் ஒன்றை நகர்த்தினான். மறுபடி கேட்டான். "வேணாம்." மூன்றாந்தரம் அவன் வாயைத் திறக்க முன்னமே அவள் தலையை ஆட்டிவிட்டு, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நான் சொன்னதத்தான் சொல்றன். இரக்கப்பட்டுச் சமனும் வேணாம். இரக்கப்பட்டுத் தோக்கவும் வேணாம். தோத்தீங்கெண்டா எனக்குத் தெரியும். விளையாடுங்க."

அவன் பலகையைப் பார்த்தான். அப்போதுதான் அந்த வழி தெரிந்தது. தெரிந்தது என்ன, இப்படி எத்தனையோ வழிகள் அவனுக்கு எப்போதும் தெரிந்துகொண்டுதான் இருந்தன. ஒவ்வொரு முறையும் பார்க்காதவன் போலத் தாண்டிப் போய்க் கையை நீட்டியிருக்கிறான். மந்திரியைப் பலிகொடுத்தால் அவளுடைய ராஜா வெளியே இழுபடும். ஆனால் அது பொய்த்தால் திரும்பி வர இடமில்லை. அவள் வென்றுவிடுவாள், அம்மா தலைகுனிவாள். பலித்தால் அப்பா தலைகுனிவார், அருமைநாயகம் பகையாளியாவார். எந்தப் பக்கம் போனாலும் ஒருவருக்கு நோகும். நோகட்டும்! நான்கு வருடமாக இவள் ஒருத்தி மட்டும் நொந்தது போதாதா?

மந்திரியைத் தூக்கிக் கொண்டுபோய் அவளுடைய ராஜாவின் வாசலில் வைத்தான்.

யசோதினி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு குனிந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆடினாள் பாருங்கள் ஒரு ஆட்டம்! ஒவ்வொரு அடிக்கும் அவனை நெடுநேரம் யோசிக்க வைத்தாள். ஒரு இடத்தில் தோற்றேன் என்றே அவன் நினைத்துவிட்டான். கோயிலில் விளக்கேற்றுகிற நேரத்தில், கடைசியில், அவளே தன்னுடைய ராஜாவைப் படுக்க வைத்துக் கையை நீட்டினாள். கண்ணில் நீர், வாயில் சிரிப்பு.

"இண்டைக்குத்தான் என்னோட விளையாடின நீங்க" என்றாள்.

ஐந்துக்கு நாலரை. நௌஷாட் தென்சேரிப் பக்கம் கையைக் காட்டிவிட்டு, வேனின் திறப்புச் சாவியைச் சட்டைப்பையில் தடவிப் பார்த்துக்கொண்டான். தென்சேரி குமுறிக்கொண்டு எழும்பியது. பறை அடித்தது. அம்மா கூட்டத்துக்கு முன்னால் வந்து, ஏழு வயதில் அவன் கேட்ட அதே மெட்டில், அப்பாவைப் பார்த்துப் பாடத் தொடங்கிவிட்டாள். இத்தனை வருடமாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள் போல. அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

"அம்மா!" என்றான் தனோஜன். குரல் பறையைவிடப் பெரிதாக வந்தது. "நான் யசோதினியைத்தான் கட்டப்போறன்."

பறை நின்றது.

"ஆரு, இப்ப தோத்த இந்தப் புள்ளையவா?"

"ஓம்."

"கட்டி, அருமைநாயகத்தார்ர வீட்டுக்கா போகப்போறாய்?"

"ஓம்."

அம்மாவின் முகம் சுருங்கியது. வென்ற மகிழ்ச்சி அப்படியே வடிந்து போனது. "அப்ப நீ வடசேரியாடா?" என்று கேட்டாள். அது கேள்வி மாதிரி இல்லை, அழுகை மாதிரி இருந்தது.

ஊர் முழுக்க அவன் வாயைப் பார்த்தது. 'ரெண்டும்' என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. யசோதினியைப் பார்த்தான். அவளுடைய இமைகூட ஆடவில்லை. அவன் அந்தச் சொல்லை விழுங்கினான்.

"நான் தென்சேரி, அம்மா. அருமைநாயகம் மாமாட வீட்டுல இருந்தாலும் நான் தென்சேரிதான். சாகும்மட்டும் தென்சேரி."

அம்மா கொஞ்ச நேரம் அதை மென்று பார்த்தாள். பிறகு அவளுடைய முகம் விரிந்த விரிவைப் பார்த்திருக்க வேண்டும்!

"கேட்டீங்களாகா!" என்று தன் சேரிப் பெண்களைப் பார்த்துக் கத்தினாள். "வடசேரித் தலைவன்ட வீட்டுக்குள்ளயே நம்மட ஆள்! அந்தாள் விடிய எழும்பினா முதல்ல முழிக்கப்போறது தென்சேரி முகத்துல! போ மனே, நாளைக்கே போ!"

அருமைநாயகம் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். "என்ட வீட்டுக்குள்ளயா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு ஆள்தானே அப்பா" என்றாள் யசோதினி, காய்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டே. "சமாளிப்பம். நாளைக்கு வெள்ளை எனக்கு."

பறை மறுபடி தொடங்கியது. தென்சேரி ஆடிக்கொண்டு தெருவுக்கு இறங்கியது. அப்பா மெல்ல வந்து தனோஜனின் தோளில் கையைப் போட்டார். கோபிப்பார் என்று அவன் பயந்து நின்றான். மகன் தன்னுடைய சேரியை விட்டுப் போனது அவருக்கு நொந்துதான் இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் பேசியது வேறு.

"எதிர்ச்சேரி வீட்டுல மாப்பிள்ளையா இரிக்கிறதெண்டா லேசான வேலையில்ல மகன். நான் இத்தின வருசமா இருந்து பாத்தவன். கொம்பு கட்டின உடனே நீ கிளம்பி அம்மாட்ட வந்துரு. உனக்குச் சோறு இரிக்கும்."

"நீங்க?"

"நான் அக்கா வீட்டதான்" என்று சாரனை மடித்துக் கட்டினார் அப்பா. தெரு முனையில் அம்மாவின் பாட்டு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. "இப்பவே போறன். அவள் நிப்பாட்டமாட்டாள். நீ கொஞ்சம் பொறுத்து, அந்த வாளியில சோத்தைப் போட்டுக் கொண்டா. நான் கேட்டதெண்டு சொல்லாத."